கோர்வைக்கு இரண்டு பேர்

காஞ்சிபுரத்தில் பெரியவர்களிடம் வயதைக் கேட்டால் சிலர் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். "போன தபா அத்திவரதர் வந்தப்ப எனக்கு எட்டு வயசு" என்பார்கள். அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருளும் பெருமாள் இந்த ஊருக்குத் தலைமுறைக் கணக்கு. 1979இல் வந்தார். பிறகு 2019 ஜூலை 1இல் வந்து, ஆகஸ்ட் 17 வரை 48 நாள் இருந்தார். முதலில் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். கோடிப் பேர் வந்து சேவித்தார்கள் என்றார்கள். ஊரே மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வீடு. பிள்ளையார்பாளையத்தில் பெரும்பாலான வீடுகளைப் போல அதுவும் நெசவு வீடு. 1979இல் அங்கே இரண்டு தறி ஓடியது. பெருமாளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர் ஒரு நாள் சொன்னார். இரண்டு தறியும் நின்றன. பாவின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, கைக்குழந்தை வரை அத்தனை பேரும் சின்னக் காஞ்சிபுரத்துக்கு நடந்தே போனார்கள். யாரும் யாரிடமும் லீவு கேட்கவில்லை. அன்றைய வேலை போயிற்று, மறுநாள் விளக்கு வைத்த பிறகும் நெய்து ஈடுகட்டினார்கள்.

2019இல் அதே வீட்டார் ஒருநாள்கூட ஒன்றாகப் போக முடியவில்லை. 48 நாள் இருந்தும் முடியவில்லை. 1979இல் எட்டு வயதுப் பையனாக இருந்தவர் இப்போது அந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார்; அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகளுக்கு அப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ் வேலை. ஊருக்குள் கூட்டம் ஏற ஏறக் கடைக்கு அதுதான் சீசன், லீவு என்ற பேச்சே கிடையாது. மகன் நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் அப்படியே வரிசையில் போய் நின்றான். மகள் கடை சாத்திய பிறகு தோழிகளோடு போனாள். அண்ணனும் அண்ணியும் ஒரு அமாவாசையன்று போனார்கள், தறி அன்று ஓடாது என்பதால்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நேரத்தைப் பங்கு போடுவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பழைய தலைமுறை என்றால் நேரம் இருந்த தலைமுறை, இப்போதைய தலைமுறை என்றால் ஓடிக்கொண்டே இருக்கிற தலைமுறை என்று ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. மேலே நான் சொன்ன இரண்டு தரிசனங்களும் அந்தச் சித்திரத்துக்குத் தோதாகத்தான் இருக்கின்றன. ஆனால் நெசவு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரித் தெரியும்.

அந்த வீடுகளில் வாசற்படி தாண்டியதும் தறிதான். தறி போக மிச்ச இடத்தில்தான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். தரையில் குழி வெட்டி, குழிக்குள் மிதி. நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பாவு அவர் மடிக்கு நேராக நீண்டு போகும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குழியில் ஊற்று எடுக்கும், பட்டு ஈரத்தில் விறைக்கும், வேலை நின்றுவிடும். அதுதான் நெசவாளிக்கு நீண்ட விடுமுறை, அடுப்பும் அணையப் பார்க்கிற விடுமுறை.

தறியில் உட்காருவது ஒருவர் என்றாலும் சேலையில் வீடு முழுவதும் இருக்கும். பட்டைப் பிரிப்பது, தார் சுற்றுவது, பாவு தீர்ந்தால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய பாவின் இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பது என்று வேலை போய்க்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான இழைகள். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிச் சரிபார்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரரும் வந்து ஒரு கை பிடிப்பார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் யாரும் சைக்கிளை வேகமாக விட மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிற காட்சி இப்போது அது. அன்று அது எங்கள் காலைப்பொழுது.

அண்ணியின் மாமியார் ராட்டையைச் சுற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வலக்கை ராட்டையில், இடக்கை இழையில். உத்தரத்திலிருந்து தொங்கும் தூளியின் கயிறு அவர் கால் பெருவிரலில் மாட்டியிருக்கும். குழந்தை சிணுங்கினால் கால் மட்டும் அசையும். கை நிற்காது, இழை அறாது. ஒரே உடம்பில் இரண்டு வேலை. இதைப் பார்த்து, வேலையும் குடும்பமும் பிரியாத காலம் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். அந்த ராட்டைக்குக் கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் போடுகிற சேலைக்கு உள்ள கூலியில் அது அடக்கம். கூலி எழுதுகிற நோட்டில் அவர் கணவர் பெயர் இருந்தது. முப்பது, நாற்பது ஆண்டு ராட்டை சுற்றியவரின் பெயர் எந்த நோட்டிலும் ஏறாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி இவோன் ஆர்ட்டர்பர்ன் என்ற மானுடவியலாளர் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கும் தறி என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். நெசவு வீட்டைப் பார்த்த யாருக்கும் அந்தத் தலைப்பு சரியென்று படும். சங்கங்கள் வந்தது சாதாரண மாற்றம் இல்லை. அதற்கு முன் பட்டும் சரிகையும் கொடுக்கிற முதலாளி வைத்ததுதான் கூலி. வாங்கிய அட்வான்ஸ் தலைமுறைக்கும் தீராது. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று பெயர்கள் வைத்துக்கொண்டு சங்கங்கள் நிமிர்ந்தபோது நெசவாளி முதல் முறையாகத் தீபாவளிக்குப் போனஸ் வாங்கினார். அப்படி நிமிர்ந்தும் சார்ந்திருப்பதில் யாருடைய சுமை கூடுதல் என்ற கேள்வி வீட்டுக்குள் அப்படியே கிடந்தது.

அந்தக் கேள்வி எங்கே கண்ணுக்குத் தெரியும் என்றால், கோர்வைத் தறியில்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் காஞ்சிபுரம் சேலையைக் கையில் எடுத்து, கரை சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிப் போயிருக்கும். சேலை கிழிந்தாலும் அந்த இடம் விடாது. இதற்கு மூன்று நாடா வேண்டும். இடக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக் கரைக்கு ஒன்று. நடுவில் உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் கை இரண்டு நாடாவைத்தான் சமாளிக்கும். மூன்றாவது நாடாவைத் தள்ள வலப்பக்கம் இன்னொருவர் உட்கார வேண்டும். நெசவாளி மிதிக்க, இவர் தள்ள, அவர் வாங்க, கோர்க்க, பலகையை இழுத்து அடிக்க. ஒருவர் அரை நொடி பிந்தினால் கரை இளகும். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள். வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேல். அத்தனை நாளும் இரண்டு பேரின் மூச்சும் ஒரே கதியில் போக வேண்டும்.

அந்த இரண்டாவது இடத்தில் காலங்காலமாக உட்கார்ந்தது குழந்தை.

கை சின்னது, வேலை லேசானது, பக்கத்தில் இருந்தால் தொழிலும் படியும் என்றார்கள். அதில் பொய் இல்லை; அப்படித்தான் தொழில் படிந்தது. அண்ணனும் எட்டு வயதில் அங்கேதான் உட்கார்ந்தார். அப்பாவோடு நாள் முழுக்க இருந்த பிள்ளை அவர். இப்போது எந்தப் பிள்ளைக்கும் அப்பாவோடு அவ்வளவு நேரம் கிடைக்காது. ஆனால் நான் பச்சையப்பன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது திண்ணையைத் தாண்டித் தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு பங்கு அவருடையது. ஐந்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. இதே ஊரில் 1909இல் நெசவாளர் சமூகத்தில் பிறந்து, அதே பச்சையப்பன் பள்ளியில் படித்த அண்ணாதுரை முதலமைச்சர் ஆனார் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. தறியின் வலப்பக்கம் அமர்த்தப்பட்ட பிள்ளைகளில் யார் யார் என்னவாகியிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்க யாராலும் முடியாது.

அப்பாவின் தறியில் பிள்ளை உட்கார்ந்தது ஒரு வகை. கடனுக்காக வேறொருவர் தறியில் உட்கார வைக்கப்பட்டது இன்னொரு வகை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கர்நாடகமும் வாரணாசியும் இருந்தன, காஞ்சிபுரமும் இருந்தது. பெற்றவர்கள் வாங்கிய அட்வான்ஸுக்கு ஈடாகப் பிள்ளைகள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை தறியில் கிடந்ததை அந்த அறிக்கை எழுதியது. எங்கள் ஊரில் அதைப் படித்துச் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அது எழுதியிருந்தது.

சட்டம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிற்கூடத்துக்கு விலக்குக் கொடுத்தது. 2016இல் திருத்தம் வந்து, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லா வேலையும் தடை என்றார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் மட்டும் திறந்தே இருந்தது. குடும்பம் என்ற சொல் வந்ததும் சட்டத்தின் கை தயங்கி நின்றுவிடுகிறது. நெசவுத் தெருவில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குழந்தையின் நேரத்தை எளிதாக எடுத்துக்கொள்ள முடிந்த இடமே குடும்பம்தான். பாசத்தோடு எடுத்துக்கொள்வார்கள். கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆகவே அந்த இடத்திலிருந்து குழந்தை எழுந்து போனது இந்த ஊரில் என் காலத்தில் நடந்த ஆகப் பெரிய நல்ல காரியம் என்று நினைக்கிறேன். சட்டம், கணக்கெடுப்பு, சிறப்புப் பள்ளிகள், சத்துணவு என்று பல சேர்ந்து அதைச் செய்தன. அதைவிட, நம்மோடு போகட்டும் என்று பெற்றவர்களே எடுத்த முடிவு செய்தது. அண்ணன் தன் மகனைத் தறியில் உட்கார வைக்கவே இல்லை. மகன் சின்ன வயதில் நாடாவை எடுத்து விளையாடினால்கூடப் பிடுங்கி வைத்துவிடுவார். "அவன் கை இதுல பழகக்கூடாது" என்று அவர் சொன்னபோது குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

குழந்தை எழுந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அண்ணி உட்கார்ந்தார். இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஓடுகிற கோர்வைத் தறிகளில் வலப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய மனைவி. அப்படி ஆள் கிடைக்காத வீடுகளில் கோர்வையையே விட்டுவிட்டார்கள். கரையும் உடலும் ஒரே ஊடையில் போகிற சேலை, அல்லது ஒருபக்கக் கரைச் சேலை நெய்கிறார்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இலேயே கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தாங்குகிற கோர்வை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்ணின் இடுப்பு வலியைப் பொறுத்து நிற்கிறது. அழிந்து வரும் கலை என்று கட்டுரை எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வலப்பக்கத்துக்கு ஒழுங்கான கூலி என்று ஒன்று என்றைக்குமே இருந்திருந்தால் அங்கே உட்கார இன்று வாலிபப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள்.

பழைய வாழ்க்கையில் ஒன்றுமே பெறுமானம் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்வர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 1967இல் நேரத்தையும் தொழிலையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆலைச் சங்கு வருவதற்கு முன் இங்கிலாந்துக் கைத்தறிக்காரர்கள் மணிக்கணக்கில் வேலை செய்யவில்லை, எடுத்த துணியை முடிப்பதுதான் கணக்கு. திங்கட்கிழமை தறியைத் தொடாமல் இருந்துவிட்டு வாரக் கடைசியில் இராப்பகலாக நெய்வார்கள் என்று அதில் வரும். எங்கள் ஊரில் அந்தத் திங்கட்கிழமை அமாவாசையாக இருந்தது. சேலை அறுத்துச் சங்கத்தில் போட்ட அன்று மாலையாகவும் இருந்தது. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலுக்கு மண்டை விளக்கு எடுத்துப் போவதற்கு எந்த நெசவாளியும் மேஸ்திரியிடம் தலை சொறிந்து நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் சாவு என்றால் தெருவில் எந்தத் தறியும் ஓடாது. நாடாவைக் கீழே வைக்கிற உரிமை ஒரு பெரிய உரிமை. கூலி குறைவாக இருந்தாலும் அந்த உரிமைக்காகவே தறியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. அண்ணனும் அப்படிச் சொல்வார்.

பழைய காலத்தில் அந்த உரிமையோடு ஒரு மரியாதையும் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேட்டில், காஞ்சியில் அரச குடும்பத்துக்குத் துணி நெய்த பட்டசாலியரிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பொருளையும் கணக்கையும் கண்காணிக்கிற பொறுப்பு கொடுக்கப்பட்ட செய்தி இருக்கிறது. நெய்கிறவனிடம் கோயில் கணக்கை நம்பிக் கொடுத்த ஊர் இது. ஆனால் உரிமையும் மரியாதையும் தறியின் நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான். நாடாவைக் கீழே வைக்கலாம் என்று முடிவு செய்கிறவர் அவர். வலப்பக்கம் இருக்கிற பிள்ளையோ மனைவியோ அந்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

அண்ணன் மகனின் தலைமுறைக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. ஃபாக்ஸ்கான், சாம்சங், ஒரகடத்தில் வரிசையாக வாகனக் கம்பெனிகள். விடியாத இருட்டில் காஞ்சிபுரத்து முச்சந்திகளில் கம்பெனி பஸ்ஸுக்குப் பையன்கள் நிற்பது இப்போது ஊரின் வழக்கமான காட்சி. அவர்களில் பெரும் பகுதி நெசவு வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சம்பளச் சீட்டில் அவரவர் பெயர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. மழைக்காலத்திலும் சம்பளம். பெண் பார்க்கப் போனால் "பையன் என்ன பண்றான்" என்ற கேள்விக்குத் தலை நிமிர்ந்து சொல்ல ஒரு பதில். நெசவு என்றால் பெண் கிடைப்பதில்லை என்பது இந்தத் தெருக்களில் எல்லோரும் அறிந்த துயரம். எடுத்துக்கொள்ளப்பட்டது என்ன? வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிப்டில் தூக்கமும் சாப்பாடும். கான்ட்ராக்ட் என்றால் நாளை இருக்குமா என்ற பயம். 2023 ஏப்ரல் 21இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே நாளில் அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கும் உரிமை அதில் முதல் கோரிக்கை. பட்டுச் சங்கங்களில் தாத்தாக்கள் எதைக் கேட்டார்களோ அதைத்தான் பேரன்மார்களும் கேட்டார்கள்.

பெண்களின் கதை இன்னும் கூர்மையானது. பட்டுக்கடையில் வேலை பார்த்த அண்ணன் மகளுக்குக் காலையிலிருந்து இரவு வரை நிற்கிற வேலை. அப்பா நாள் முழுக்க உட்கார்ந்து நெய்த சேலையை மகள் நாள் முழுக்க நின்று விரித்துக் காட்டினாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதுவும் வராத மாநிலங்கள் நிறைய.

பிறகு அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் சேரப் பார்த்தாள். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு காட்டுவதில்லை என்று மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். வெளி மாவட்டங்களிலிருந்து வரும் பெண்களுக்கு அது பாதுகாப்பு, மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால், எந்த வயதுப் பெண்ணை, வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் ஆலைக்குப் பிடித்திருக்கிறது என்று புரியும். வீட்டுப் பொறுப்பு இன்னும் ஏறாத பெண். தறிக்குக் குழந்தையின் சின்னக் கை தேவைப்பட்டது போல, ஆலைக்குக் குடும்பம் இல்லாத கை தேவைப்படுகிறது.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரம் 90 மணி நேர வேலையைப் பற்றிப் பேசியபோது, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ற தொனியில் ஒரு வார்த்தை விட்டார். நாடு முழுக்க அது விவாதமானது. அந்த விவாதத்தில் பெரும்பாலும் ஆபீஸ்காரர்களே பேசினார்கள். எனக்கு வேறு எண்கள்தான் நினைவுக்கு வந்தன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் 2019இல் நாளுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்தாண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்கள் அதைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. நேரம் இல்லை என்று எல்லோரும் சொல்லலாம். யாருடைய நேரத்தில் யார் வாழ்கிறோம் என்பதுதான் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிற சங்கதி. பெரியவர் மகனின் நேரத்தில் நெய்தார். அண்ணன் அண்ணியின் நேரத்தில் நெய்கிறார். பிள்ளைகள் கம்பெனிக்குப் போவது யாருடைய நேரத்தில் என்று பார்க்க அந்த வீட்டுக்குள் மறுபடி போக வேண்டும்.

இரண்டு தறியில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். குழியை மூடி சிமென்ட் பூசி, மேலே கட்டில் போட்டிருக்கிறார்கள். மகனுக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். வாகன ஒயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் மணமானவர்களையும் எடுத்தார்கள், கிடைத்ததே பெரிது என்று சேர்ந்துவிட்டாள். சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். மகனுக்கு நீல மை, மருமகளுக்குச் சிவப்பு மை. இந்த வாரம் யார் ஏ ஷிப்ட், யார் பி, யார் நைட். இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் வந்துவிட்டால் அந்த வாரத்தைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள்.

வட்டம் போட்ட வாரத்தில் அண்ணி தறிக்கு வர முடியாது. பேத்தியின் கையில் நாடா கிடைத்தால் சரிகை போய்விடும். தறிக்குழியில் விழுந்தால் அதைவிட மோசம். கண்ணை எடுக்க முடியாத வயது. குழந்தைக்கு ஆயா தேவை என்றால் கோர்வைக்கு ஆள் இல்லை. அண்ணன் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய சில்லறை வேலைகளைச் செய்துவிட்டு, குழந்தை தூங்கும் இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருப்பார். குழந்தை தூங்கியதும் இருவரும் அவசரமாக உட்கார்வார்கள். பலகை அடிக்கிற சத்தத்தில் எழுந்துவிடுமோ என்று மெதுவாக அடித்தால் நெசவு தளரும். பதினைந்து நாளில் அறுத்த சேலை இப்போது ஒரு மாதத்தைத் தாண்டுகிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு கோர்வைத் தறி எப்போது ஓடும் என்பதை ஒரகடத்து ஷிப்ட் அட்டவணை தீர்மானிக்கிறது. காரில் போகிற ஒயரிங்கின் விலையில் அண்ணியின் பகற்பொழுது சேரவில்லை. சேலையின் கூலியிலும் சேரவில்லை.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. நல்ல சட்டம். மருமகளிடம் கேட்டேன். "விடியக்காலையில அந்த பஸ்ல குழந்தையைத் தூக்கினு எப்படிப் போறது? அது தூக்கம் போனா அப்புறம் நாள் முழுக்க அழுவும்" என்றாள். காப்பகம் ஆலையின் வாசலில் இருந்து என்ன பயன்? குழந்தை இருக்கிற தெருவில் அல்லவா இருக்க வேண்டும். தெருவில் அங்கன்வாடி உண்டு. ஆனால் அது திறப்பதற்குள் காலை ஷிப்டில் பாதி ஓடிவிடும். பி ஷிப்ட் பஸ் திரும்பி வருவதற்கு வெகு நேரம் முன்பே மூடிவிடும்.

பஸ் அனுப்பத் தெரிந்த கம்பெனிகளுக்கு, அந்த பஸ் நிற்கிற தெருக்களில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற காப்பகம் நடத்தப் பணம் கொடுக்கவும் தெரிய வேண்டும். நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து கொடுத்தால் ஒரு தெருவுக்குப் போதும். அங்கே வேலை பார்க்க இதே தெருவில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம், அவரவர் பெயரில். பட்டுச் சங்கங்கள் தங்கள் பங்குக்குக் கோர்வைச் சேலையின் கூலியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெயரில் எழுத வேண்டும். தார் சுற்றுகிறவருக்கும் ஒரு வரி. இதெல்லாம் ஏதோ பெரிய புரட்சி இல்லை. நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் ஆகிற காரியம்.

இதை அந்த வீட்டில் சொன்னேன். அண்ணன், சங்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தலையை ஆட்டினார். அண்ணி பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். கூலியைப் பிரிப்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, காப்பகத்தைத்தான் பிடித்துக்கொண்டார். காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க, சோறு அவங்களே குடுப்பாங்களா, பொம்பளைங்கதானே இருப்பாங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கொஞ்சம் கணக்குப் போட்டு, "நாலு மணி நேரம் வச்சிக்கினாக்கூடப் போதும்ப்பா. மாசம் ரெண்டு சேலை அறுத்துடுவோம்" என்றார்.